வராதவருக்கு வைத்த தட்டு

திரையில் எங்கள் வீட்டுத் தட்டு தெரிந்ததும் பின்வரிசையில் யாரோ ஒரு பெருமூச்சு விட்டார்கள். பக்தியில் விட்ட பெருமூச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. காலைப் பூசை முடிந்த கையோடு, கோவிலை ஒட்டிய பங்குக் கூடத்தில் என் அக்காவின் கணவர் பேசிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது தலைப்பு. அவர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பேராசிரியர். உப்பை எடுத்துக் கொடுங்கள் அத்தான் என்று கேட்டால், உப்பு முதன்முதலில் எங்கே கிடைத்தது என்பதில் தொடங்கித்தான் கொடுப்பார். அதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

அன்றைக்கும் அவர் குறை வைக்கவில்லை. மரத்துக்கு ஒரு படம், குடிலுக்கு ஒரு படம், வாழ்த்து அட்டைக்கு ஒரு படம். மரத்தை அலங்கரிக்கும் பழக்கம் ஜெர்மன் பேசும் ஊர்களிலிருந்து வந்தது. குடில் வைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் இத்தாலியில் ஒரு துறவி. சிவப்பு அங்கித் தாத்தாவுக்கு மூலம், இன்றைய துருக்கிப் பக்கம் வாழ்ந்த ஒரு பிஷப். எல்லாம் சரிதான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முக்கியமானது வருகிறது என்று அர்த்தம்.

"இன்னொண்ணு சொல்றேன், யாரும் அதிர்ச்சியாகக் கூடாது. இயேசு டிசம்பர் இருபத்தஞ்சுலதான் பொறந்தார்னு பைபிள்ல எங்கயும் கிடையாது. அது பிற்பாடு நாமளா வச்சுக்கிட்ட தேதி. ரோமாபுரியில நாலாம் நூற்றாண்டுலதான் அதுக்கு எழுத்துல சாட்சியே கிடைக்குது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா கை தட்டினார். அவர் தட்டிய பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள். பங்கில் அப்பாவுக்கு அப்படி ஒரு மரியாதை. வருஷா வருஷம் கோவில் குடிலைக் கட்டுகிறவர் அவர். ஒரு வைக்கோல் இடம் மாறினாலும் அவருக்குத் தெரியும்.

கடைசிப் படமாகத்தான் தட்டு வந்தது. வெள்ளைத் தட்டு, தங்க ஓரம், பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. "போலந்து மாதிரி நாடுகள்ல, எதிர்பாராம வர்ற விருந்தாளிக்காகக் கிறிஸ்துமஸ் மேசையில ஒரு இடத்தைக் காலியா விடுவாங்க. நம்ம பங்குலயும் நெறைய வீடுகள்ல அது இருக்கு. எப்ப ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியல. அவ்வளவு பழசு."

எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. எங்கள் வீட்டில், எங்கள் மேசையில். யாருக்காக என்பதும் தெரியும்.

அது என் அண்ணனுக்காக வைத்த தட்டு.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. நூலகத்திலிருந்து எதையாவது எடுத்துவந்து படித்துவிட்டு, படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராத ஜாதி. அந்தக் கிறிஸ்துமஸ் மதியம் பழைய பாதிரியார் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். சூப் பரிமாறியாகிவிட்டது. அண்ணன் அவரைப் பார்த்து, "ஃபாதர், இயேசு இன்னைக்குத்தான் பொறந்தார்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

பாதிரியார் சிரித்தார். "எங்கயும் எழுதலப்பா. நாமளா வச்சுக்கிட்டதுதான்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. ஒரு மாதம் முதுகு ஒடியக் குடில் கட்டிய மனிதரின் மேசையில், அவர் பெற்ற பிள்ளையே இப்படிக் கேட்கிறான், பாதிரியார் வேறு ஒத்து ஊதுகிறார்.

"சாமியையே கேள்வி கேக்குற அளவுக்கு வந்துட்டியா?"

"சாமியைக் கேக்கலப்பா. தேதியைத்தான் கேட்டேன்."

"எந்திரி. ஃபாதர்கிட்டயும் என்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு உக்காரு. இல்லன்னா இந்த மேசையில உனக்கு இடம் கிடையாது."

பாதிரியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் எழுந்தான். பாதி சூப் கிண்ணத்தில் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. தகப்பனும் மகனும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். யார் முதலில் இறங்கி வருவது என்பதிலேயே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அண்ணன் இதே ஊரின் மறு கோடியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறான். அப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா அவனோடு போனில் பேசுவாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

அவன் போன அடுத்த கிறிஸ்துமஸில் அம்மா பழக்க தோஷத்தில் அவனுடைய தட்டையும் எடுத்து வைத்துவிட்டாள். ஓரத்தில் சில்லு பெயர்ந்த தட்டு. சின்ன வயதில் கரண்டியால் மேளம் அடித்து அவனே பெயர்த்தது. வேறு யாரும் தொடாததால் அது அவனுக்கே ஆகிவிட்டது. வைத்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. எடுக்கவும் மனசு வரவில்லை. அப்பா தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு டெய்லர் அம்மா கேக் கொடுக்க வந்தார்.

"இன்னும் யாராவது வரணுமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பா சொன்னார், "யாராவது வழி தப்பி வந்தா? இன்னைக்கு ஆண்டவரே விருந்தாளியா வரலாம் இல்லையா? அதான் ஒரு தட்டு."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். அருமையாக வந்தது. டெய்லர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். ஒரு செய்தி பங்கு முழுக்கப் பரவ வேண்டுமென்றால் அவர் காதில் போட்டால் போதும். அடுத்த வருஷம் எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீடுகளில் காலித் தட்டு. அதற்கடுத்து அது பிரசங்கத்தில் வந்தது. பெண்கள் சங்கத்தில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள்.

முதல் சில வருஷம், யாரும் தொடாத அந்தத் தட்டைக் கழுவும்போது அம்மா அழுவாள். சங்கத்தில் பேசப் போன முதல் நாள்கூட வந்து படுத்துவிட்டாள். போகப் போக மேடை பழகியது. யாராவது தெருவில் நிறுத்தி, "உங்களாலதான் எங்க வீட்லயும் வைக்கிறோம்" என்றால் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு வருஷம், படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று பேராசிரியர் சொன்னதால், சில்லுத் தட்டு போய்த் தங்க ஓரத் தட்டு வந்தது. அண்ணனுடைய தட்டு சமையலறையில் சோப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன். எதையும் கொதிக்கவைத்து எடுத்தால்தான் எனக்கு நம்பிக்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகவே கேட்டேன்.

"அத்தான் சொன்னதுக்குக் கை தட்டினீங்களே. அண்ணன் சொன்னதும் அதேதானப்பா?"

அவர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழற்றினார்.

"சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கு."

"ஒரே வரிப்பா. வார்த்தைகூட மாறல."

"வயசுல நான் கொஞ்சம் கோவக்காரன்" என்றார். அப்பா வாயிலிருந்து இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. "வர்றவனை யாரு வேண்டாம்னா? அதான் தட்டு வச்சுருக்கே."

அடுப்பங்கரையில் அம்மா கையிலிருந்த பாத்திரத்தை வைக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கூப்பிட எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டுகளைப் பார்ப்பதும் அண்ணனுடைய கம்பெனிதான். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறையில் அவனைப் பிடித்தேன். பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கம்பி வடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முன்னந்தலை வழுக்கையாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை இன்னும் பிசாசு என்றுதான் கூப்பிடுவான்.

"கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா."

"அப்பா கூப்பிட்டாரா?"

"வர வேண்டாம்னு சொல்லல. அவர் பாஷையில அது கூப்பிட்ட மாதிரிதான்."

"எதுக்கு வரணும் பிசாசே? சூப் பாக்கி இருக்கா?"

"உனக்குத் தட்டு வைக்கிறாங்க" என்றேன்.

"என்ன தட்டு?"

டெய்லர் அம்மா வந்ததையும், அப்பா சமாளித்ததையும், அம்மா கழுவும்போது அழுததையும் சொன்னேன். அவனுக்கு இது எதுவும் தெரியாது. போனில் அம்மா சொல்லவே இல்லை. துடைத்த விரல்களையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஒரு வருஷம்கூட விடல."

"நான் இல்லாமலே எனக்குத் தட்டா" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே உடைந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தங்க ஓரத்தையும் சங்கத்தையும் நான் சொல்லவில்லை. தட்டு எப்படி மாறினாலும் அது யாருடையது என்று எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும் என்றுதான் நம்பினேன்.

கிறிஸ்துமஸ் மதியம் வந்தான். புதுச் சட்டை, மடிப்புகூடக் கலையவில்லை. கையில் கேக் பெட்டி. கதவைத் திறந்தது அப்பா. "வா" என்றார். இவன் "ம்" என்றான். பதினாறு வருஷத்துக்கு அவ்வளவுதான். பரவாயில்லை, இவர்களுக்கு அதுவே அதிகம். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து அவன் கன்னத்தைத் தடவினாள். "எளைச்சுட்டியேப்பா" என்றாள். அவன் நன்றாக உப்பித்தான் இருந்தான். அக்கா அழுதாள். பேராசிரியர் கை குலுக்கினார். அவர் குடும்பத்துக்கு வரும் முன்பே இவன் போய்விட்டதால் இருவரும் அன்றுதான் முதல்முறை பார்த்துக்கொண்டார்கள்.

விருந்துக்குப் புதுப் பாதிரியார் வந்திருந்தார். இளைஞர், நல்ல மாதிரி. நான் முந்திக்கொண்டு, "என் அண்ணன், ஃபாதர்" என்றேன். "பையன் இருக்கார்னு சொல்லவே இல்லையே" என்று அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லோரும் மேசைக்கு வந்தோம். அவரவர் இடத்தில் அவரவர். ஜன்னல் பக்கம் தங்க ஓரத் தட்டு, மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி போட்ட நாற்காலி. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நொடி நின்றான். காது நுனி சிவந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகும்போது அவனுக்கு அப்படித்தான் சிவக்கும். கேக் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, போய் நாற்காலியை இழுத்தான்.

"அங்க வேண்டாம்ப்பா" என்றாள் அம்மா.

அவன் கையை எடுக்கவில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"அது விருந்தாளிக்கு வச்சது. அதுல யாரும் உக்காரக் கூடாது."

அண்ணன் என்னைத்தான் பார்த்தான். பாதிரியார் சங்கடப்பட்டுப்போனார். "பரவாயில்லம்மா. உங்க மகன்தானே, இன்னைக்கு அவரே உக்காரட்டுமே."

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். இந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறப்பது என்பதுவரை முடிவு செய்தவர், அன்றைக்குப் பார்த்து முடிவை அம்மாவிடம் விட்டுவிட்டு முட்கரண்டியை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ஃபாதர்" என்றாள் அம்மா. மேடையில் பேசும் குரல் அது. "அது ஆண்டவருக்குன்னு விட்ட இடம். இத்தனை வருஷமா யாரும் உக்காந்ததில்ல. என் பிள்ளைங்கறதுக்காக நானே மாத்துனா, நாளைக்கு நாலு பேருக்கு என்னன்னு சொல்லுவேன்?"

பாதிரியாரின் கண் கலங்கியது. "எப்பேர்ப்பட்ட விசுவாசம்மா உங்களுக்கு" என்றார். பேராசிரியர் தலையாட்டினார். "அதான் ஃபாதர் விஷயமே. தனி ஆள் வருவான், போவான். வழக்கம் நிக்கும்."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "அம்மா, முதல் வருஷம் அந்தத் தட்டை யாருக்கு வச்சே? வாயைத் திறந்து சொல்லு."

"வர்றவங்களுக்குத்தான்."

"வந்துட்டான்மா. இதோ நிக்கிறான்."

அம்மா அவனைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். நாற்காலி மேல் போட்டிருந்த துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"விடு பிசாசே" என்றான் அண்ணன். "எங்க உக்காந்தா என்ன, பசிக்குது." அவனே சமையலறைக்குப் போய், பரணில் ஏற வைத்திருக்கும் குட்டை முக்காலியை எடுத்துவந்து மேசையின் மூலையில், விருந்தாளி நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். மேசை அவன் நெஞ்சு வரை வந்தது. நல்ல தட்டுகள் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டதால் அக்கா உள்ளே போய்க் கையில் கிடைத்ததைக் கழுவி எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். சில்லுத் தட்டு. அக்கா வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அவன் தட்டை மெல்லத் திருப்பி, பெயர்ந்த இடத்தைத் தன் கட்டைவிரலுக்கு நேராகக் கொண்டுவந்தான். சின்ன வயதிலும் அப்படித்தான் வைத்துக்கொள்வான்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு இருப்பதிலேயே பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து அவனுக்கு முதலில் போட்டாள். அவளுக்கு அவன்மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நானே அடிப்பேன். பாசம் இருந்தும்தான் இப்படி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வேலையெல்லாம் எப்படி?" என்றார் அப்பா.

"லிஃப்ட் வேலைப்பா. ஏறும், இறங்கும்."

அப்பா சிரிக்கப் பார்த்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

கேக் வெட்டும் முன் பேராசிரியர் போனை எடுத்தார். மறைமாவட்டப் பத்திரிகை காலித் தட்டைப் பற்றி அவரிடம் கட்டுரை கேட்டிருந்ததாம். இந்தப் பங்கில் வழக்கத்தைத் தொடங்கியது எங்கள் குடும்பம்தான் என்று டெய்லர் அம்மா பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தாராம். "எல்லாரும் அப்படியே இருங்க. அந்தக் காலி இடம் நல்லாத் தெரியணும்." பல கோணத்தில் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் முக்காலி குறுக்கே வந்தது. நெற்றியைச் சொறிந்தார்.

"மச்சான், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்களேன். நானும் படத்துல இருப்பேன்."

கெட்ட மனிதர் இல்லை அவர். வரலாறு எங்கேயோ தூரத்தில் நடப்பது என்று நினைப்பவர்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். முக்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தான். தன் தட்டையும் எடுத்து அலமாரி மேல் வைத்தான். பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல் கதவில் முதுகு முட்டும்வரை போனான்.

"அம்மா, கொஞ்சம் சிரிம்மா" என்றான்.

அம்மா சிரித்தாள். முகமெல்லாம் விரிந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

கேக் சாப்பிட்டான், தன் தட்டைத் தானே கழுவி வைத்தான், கிளம்பினான். படிக்கட்டு வரை நான் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

"எனக்குன்னு நெனச்சுட்டேன். லூசு மாதிரி புதுச் சட்டையெல்லாம் வாங்கிட்டு வந்தேன்" என்றான். இரண்டு படி இறங்கியவன் நின்றான். "தேதியைக் கேட்டதுக்கே அன்னைக்கு வெளிய போகச் சொன்னாங்க. தட்டு யாருதுன்னு இன்னைக்கு நீ கேட்டிருக்கே. பார்த்து இருந்துக்க."

பத்திரிகை வந்தது. நடுப்பக்கத்தில் பெரிதாகப் படம். காலி நாற்காலி பளிச்சென்று தெரிகிறது. பேராசிரியர் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். அப்பா அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலேயே மாட்டினார். தினமும் சாப்பிடும்போது பார்க்கிறேன். அதில் நாங்கள் ஆறு பேரும் அண்ணனைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவன் மட்டும் இல்லை.

நேற்று அம்மா தங்க ஓரத் தட்டைத் துடைத்துக்கொண்டே, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அடுத்த வருஷமும் அவனை வரச் சொல்லும்மா. அவனுக்குன்னு தனியா ஒரு தட்டு வச்சுடறேன்."

"வைம்மா" என்றேன். "வர மாட்டான். அதுவும் காலியாத்தான் இருக்கும். அத்தானுக்கு இன்னொரு படம் ஆச்சு."

அம்மா கோபப்படவில்லை. தட்டைத் துணியில் சுற்றி, அலமாரியின் மேலடுக்கில் கை எட்டும் மட்டும் உள்ளே தள்ளி வைத்தாள். பிறகு அப்பா குளிக்கப் போகட்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.